என்எஃப்எஸ் ரூட்டில் போர்டு பூட் ஆகவில்லையா?

லினக்ஸ் போர்டு தன் ரூட் ஃபைல் சிஸ்டத்தை நெட்வொர்க் வழியே வேறொரு சர்வரிலிருந்து எடுப்பதுதான் என்எஃப்எஸ் ரூட். யூ-பூட்டின் (போர்டின் பூட்லோடர்) பூட்ஆர்க்ஸில், அதாவது கர்னலுக்குத் தரும் அமைப்பு வரியில், ‘ரூட்=/டெவ்/என்எஃப்எஸ்’, ‘ஐபி=டிஹெச்சிபி’, ‘என்எஃப்எஸ்ரூட்=’ மூன்றும் வேண்டும். கடைசியானதில் சர்வர் முகவரி, முக்காற்புள்ளி, பாதை; அதை ஒட்டி இடைவெளி விடாமல் ‘,வெர்ஸ்=3,டிசிபி’ என்று சேருங்கள். சேர்க்காவிட்டால் பழைய கர்னல்கள் என்எஃப்எஸ்ஸின் 2ஆம் பதிப்பைக் கேட்கும். இன்றைய சர்வர்கள் பெரும்பாலும் அதைத் தருவதில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ரூட்டை மவுண்ட் செய்ய முடியாமல் கர்னல் பேனிக் ஆகிறதா? ஈதர்நெட் டிரைவரைப் பாருங்கள். இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் தற்காலிக ரூட்) இல்லாத போர்டில் அது மாட்யூலாக (கர்னல் பிறகு ஏற்றும் தனி ஃபைலாக) இருந்தால் வேலைக்கே ஆகாது. மாட்யூல் கிடப்பதே இன்னும் மவுண்ட் ஆகாத ரூட்டில்தானே! கர்னலுக்குள்ளேயே சேர்த்து பில்ட் செய்யுங்கள், பிஹெச்ஒய் (ஈதர்நெட் கேபிள் பக்கத்து சிக்னலைக் கையாளும் சிப்) டிரைவரையும் சேர்த்து.

அப்புறம், பூட் பாதிவரை வந்து உறைந்தால், நெட்வொர்க் மேனேஜர் (நெட்வொர்க் இணைப்புகளை நிர்வகிக்கும் சர்வீஸ்) ரூட் வரும் அதே நெட்வொர்க் இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றுகிறதா என்று பாருங்கள். இறங்கிய நொடியே ரூட்டும் போய்விடும். அந்த இன்டர்ஃபேஸை அதன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவிடுங்கள்.