ஸ்டாக் கார் பந்தயம் பார்க்க: ஓட்டுநருக்கு முன் தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

தை பிறந்ததும் வேலூர்ப் பக்கம் எருது விடும் விழாவுக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள், காளையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அது ஓடும் தெருவைப் பற்றியும் பேசுவார்கள். அமெரிக்காவின் நாஸ்கார் எனும் ஸ்டாக் கார் (சாதாரணக் காரின் தோற்றத்தில் அமைந்த பந்தயக் கார்) பந்தயத்தையும் அந்தக் கண்ணோடுதான் அணுக வேண்டும். "வட்டமடிப்பதில் என்ன இருக்கிறது?" என்று தொலைக்காட்சியை அணைத்துவிடுபவர்கள் பெரும்பாலும் தவறான தடத்தில் தொடங்கியவர்களே.

முதலில் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லைப் பாருங்கள். ஒரு சுற்று 850 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. வளைவின் சாய்வு 12 பாகைதான் என்பதால் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தியே ஆக வேண்டும், முன்னால் போகிறவரை இடித்து நகர்த்தவும் நேரிடும். 2022 அக்டோபரில் ராஸ் சாஸ்டெய்ன் என்ற ஓட்டுநர் கடைசி வளைவுகளில் பிரேக்கைத் தொடாமல், வெளிச்சுவரில் காரை உரசவிட்டு முழு வேகத்தில் ஓட்டி ஐந்து கார்களைத் தாண்டிய காட்சியை ஒருமுறை பார்த்தாலே போதும். பிறகு அந்த உத்திக்குத் தடை வந்துவிட்டது.

அடுத்து டேடோனா. 4 கிலோமீட்டர் சுற்று, 31 பாகைச் சாய்வு. இங்கே தனியாக ஓடும் கார் பின்தங்கிவிடும்; முன்காரின் காற்று மறைவில் ஒட்டிச் செல்லும் வரிசைதான் முன்னேறும். ஆகவே ஒரு காரைப் பின்தொடராமல், எந்த வரிசை நகர்கிறது என்று கவனியுங்கள். நேரமில்லையென்றால் கடைசி இருபது சுற்றுகள் போதும்.

டார்லிங்டன் முட்டை வடிவம் கொண்டது. நிலத்தைக் கொடுத்தவர் தம் மீன்குளத்தைத் தொடக் கூடாது என்றதால் ஒரு முனையைக் குறுக்கிவிட்டார்கள். இரு முனைகளுக்கும் ஒருசேரப் பொருந்துமாறு காரைச் சீரமைக்க அணிகள் இன்றும் திணறுகின்றன.

ஒன்றரை மைல் தடங்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை என்று ரசிகர்கள் நெடுநாள் சலித்துக்கொண்டார்கள். பிரிஸ்டலின் கான்கிரீட் தடத்தில் 2021இல் மண் கொட்டி ஓட்டியதும், 2023இல் சிகாகோ தெருக்களில் ஓட்டியதும் அந்தச் சலிப்பைப் போக்கும் முயற்சிகள் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் தடம் மட்டுமே எல்லாம் என்றும் எண்ணிவிடாதீர்கள்: 2022இல் புதிய வகைக் கார் வந்தபின் சிறு தடங்களில் முந்துவது கடினமாகி, ஒன்றரை மைல் தடங்கள் சுவைகூடிவிட்டன. அத்தகைய கான்சஸ் தடத்தில் 2024 மே மாதம் கைல் லார்சன் வென்றது 0.001 நொடி வித்தியாசத்தில். எனவே மார்ட்டின்ஸ்வில்லுக்கு 2022க்கு முந்தைய பதிவுகளையும், கான்சஸுக்கு 2022 முதலான பதிவுகளையும் தேடுங்கள்.

அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி கோடை ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் பந்தயம் நமக்குத் திங்கள் அதிகாலை 12.30. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் மாலையில் பதிவைப் பார்ப்பதே நல்லது.