பழைய வண்டிக்கு டைமிங் செயின் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

களக்காட்டு வாழைத்தாரையும் ஆலங்குளம் காய்கறியையும் சுமந்து ஓடும் பழைய ட்ராக்ஸ், டெம்போ வண்டிகள் பலவற்றில் இருப்பது ஓஎம் 616 டீசல் என்ஜின். மெர்சிடிஸ் வடிவமைப்பு, நான்கு சிலிண்டர், 2,399 சிசி. வால்வுகளைத் திறந்து மூடும் கேமையும் டீசல் பம்பையும் இதில் கிராங்கிலிருந்து ஒரே இரட்டை வரிசைச் செயின்தான் ஓட்டுகிறது. இதுதான் டைமிங் செயின். பெரிய லாரிகளில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் டைமிங் கியர் (பல்சக்கரங்கள்) என்பதால், லாரி வேலையில் கைதேர்ந்தவர்கள்கூட செயின் வண்டியில் தடுமாறுவதுண்டு.

"அண்ணாச்சி, ட்ராக்ஸுக்கு ஒரு செயின் கொடுங்க" என்று கடையில் கேட்பதிலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. ஒரே பெயருள்ள வண்டியில் வருடத்துக்கு வருடம் என்ஜின் மாறியிருக்கும். பழைய வண்டி என்றால் என்ஜினையே மாற்றிப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. பிளாக்கில் உள்ள எண்ணைத் துடைத்துப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். கழற்றிய செயினையும் கையோடு எடுத்துப் போய் வரிசை, கணு எண்ணிக்கை, உருளையின் பருமன் மூன்றையும் புதியதோடு ஒப்பிடுங்கள்.

செயினை மட்டும் வாங்குவதுதான் அதிகம் பணம் தின்னும் தவறு. 'செயின் நீண்டுபோச்சு' என்று சொல்கிறோமே தவிர, இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கணுவிலும் உள்ள பின் (ஊசி), அதைச் சுற்றிய புஷ் இரண்டும் தேய்கின்றன. ஒரு கணுவில் 0.03 மி.மீ. தேய்ந்தாலே நூறு கணுவில் 3 மி.மீ. ஆகிவிடும். அப்படி நீண்ட செயின், தான் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கும். பல்லின் ஒரு பக்கம் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கொக்கி போல வளைந்திருந்தாலோ, பள்ளம் தட்டுப்பட்டாலோ அந்தப் பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது, சீக்கிரமே அதுவும் தேயும். கிராங்க் ஸ்ப்ராக்கெட் சிறியது, கேமை விட இரண்டு மடங்கு சுற்றுவது, ஆகவே அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன் கவரைக் கழற்றச் சோம்பல்பட்டு அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

செயினை வழிநடத்தும் கைடு, அதைத் தளராமல் பிடிக்கும் டென்ஷனர் இரண்டும் செயினோடு சேர்ந்தே வர வேண்டும். கைடில் செயின் ஓடிய தடம் ஆழமாகப் பதிந்திருந்தாலோ, வெப்பத்தில் இறுகி விளிம்பு உடைந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். உடைந்த துண்டு என்ஜின் அடியில் உள்ள ஆயில் சம்ப்புக்குள் கிடக்கும். சம்ப்பை இறக்கி, ஆயில் உறிஞ்சும் வலையைச் சுத்தம் செய்யாவிட்டால் ஆயில் அழுத்தம் குறையும். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் டென்ஷனரைக் காய்ந்த நிலையில் மாட்டக் கூடாது. என்ஜின் ஆயிலில் மூழ்க வைத்து, குமிழி நிற்கும் வரை மெதுவாக அழுத்தி விடுங்கள். இல்லையென்றால் முதல் ஸ்டார்ட்டில் செயின் தளர்ந்து பல் தாவும்.

பழைய வண்டியில் பலர் கவனிக்காமல் விடுவது, கேம் சக்கரத்தை அதன் தண்டில் பிடித்து நிறுத்தும் அரைவட்டக் கீ. செயின் நீண்டபோது கேம் டைமிங்கைச் சரிக்கட்ட யாராவது விலகல் கீ (சக்கரத்தைச் சற்றே திருப்பி நிறுத்தும் கீ) போட்டிருக்கலாம். செயின் புதிதாகிவிட்டால் அந்தக் கீ டைமிங்கைத் தவறாக்கும். கேம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து நேரான கீ போடுங்கள். பிறகு டீசல் பம்ப் டைமிங்கையும் வால்வு இடைவெளியையும் மறுபடி சரிபாருங்கள்.

பழைய செயினில் புதியதைக் கோத்து உள்ளே இழுக்கும் முறையில், இணைப்புக் கணுவைக் கருவி கொண்டு நன்றாக அடித்து ரிவெட் செய்ய வேண்டும். கிளிப் வகை என்றால் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கட்டும். வேலை நடக்கும்போது திறந்த இடத்தில் துணி அடைத்து வையுங்கள். கிளிப் உள்ளே விழுந்தால் முன் கவரைக் கழற்றியே ஆக வேண்டும். செயினின் இரு பக்கமும் இறுக்கமாகப் பிடித்தபடியே கிராங்கைச் சுற்றச் சொல்லுங்கள், ஒருபோதும் எதிர்த்திசையில் வேண்டாம்.

எல்லாம் மாட்டியபின் சாவியைத் திருப்பாமல், கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இடையில் எங்காவது இரும்பு இரும்பில் தட்டியது போல நின்றால் அழுத்தாதீர்கள். வால்வு பிஸ்டனில் முட்டுகிறது. கிராங்கிலும் கேமிலும் உள்ள டைமிங் அடையாளங்களை மறுபடி பார்த்து, செயினைக் கழற்றித்தான் திருத்த வேண்டும்.