பெயருக்காக அல்ல, பிடித்ததற்காக: பிளஸ் டூ முடிப்பவர்கள் படிப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு செய்முறை

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறோம். ரிசல்ட் வந்த மே மாதத்தில் இதையெல்லாம் தொடங்கினால் நேரம் போதாது. பிள்ளையார் நோன்புக்கு வீடு கூடும் மார்கழி வாக்கில் தொடங்கினால், ஜூலையில் கவுன்சிலிங் வரும்போது மனசு தெளிவாக இருக்கும். பொதுத் தேர்வுப் படிப்பு கெடாமல், வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

படி 1: பிடித்ததை நான்கு வாரம் எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில், யாரும் சொல்லாமல் நீங்களாகச் செய்த வேலை. இரண்டாவதில், எவ்வளவு நேரம் செய்தீர்கள் என்பது. மூன்றாவதில், எந்த இடத்தில் சலித்தது என்பது. பாடத்தின் பெயரை எழுதாதீர்கள். "இயற்பியல் பிடிக்கும்" என்று எழுதினால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. "பழைய மிக்ஸி மோட்டாரைக் கழற்றி, காயில் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடினேன், இரண்டு மணி நேரம்" என்று எழுதினால் தெரியும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, ஆசிரியரைப் பிடித்ததைப் பாடம் பிடித்ததாக எடுத்துக்கொள்வது. வேதியியல் சார் நன்றாக நடத்துவார், அதனால் வேதியியல் இனிக்கும். கல்லூரியில் அந்த சார் இருக்க மாட்டார். அவர் நடத்தாத ஒரு பாடத்தை அதே புத்தகத்திலிருந்து தனியாகப் படித்துப் பாருங்கள். அப்போதும் பக்கம் புரண்டால் அது உங்கள் விருப்பம்தான்.

படி 2: பிடித்த பொருளுக்குள் எந்தக் கேள்வி பிடிக்கிறது?

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கள் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் அரை நாள் நின்று பாருங்கள். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் துண்டை வைக்கிறார்கள். அதன்மேல் பூ அச்சை இறக்கி, அறை அறையாக வண்ணக் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் வண்ணம் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கிறது. மேலே சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவுகிறார்கள். பிறகு ஈரச் சாந்தைப் போட்டு கரண்டியால் மட்டம் செய்து, காய வைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியைப் பிரித்தால் அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் இருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு வந்த ஐந்து பேரும் "ரொம்பப் பிடித்தது" என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒருவருக்கு, சுடாமலே இது எப்படி இறுகுகிறது, ஏன் தண்ணீரில் போட வேண்டும் என்ற கேள்வி. அவர் வேதியியல், பொருளறிவியல் (மெட்டீரியல் சயின்ஸ்) பக்கம் போக வேண்டியவர். இன்னொருவர் நான்கு கல் சேர்ந்தால் பூ எப்படி முழுமையாகிறது என்று தாளில் வரைந்து பார்க்கிறார். அவருக்கு வடிவமைப்பு அல்லது நுண்கலை. இந்தத் தரையும் முற்றமும் சேர்ந்து வீட்டை எப்படிக் குளிர்ச்சியாக வைக்கின்றன என்று கேட்பவருக்குக் கட்டடக் கலை. ஒரு கல்லுக்கு என்ன அடக்கம், என்ன விலைக்குப் போகிறது என்று கணக்குப் போடுபவருக்கு வணிகவியல். இந்தப் பூ வடிவங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பவருக்கு வரலாறு.

உங்கள் நோட்டில் அதிக நேரம் பதிவான மூன்று வேலைகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே, அதைச் செய்யும்போது மனதில் எழுந்த கேள்விகளில் ஐந்தை எழுதுங்கள். "ஏன்", "எப்படி", "எவ்வளவு", "யார்", "எப்போது" என்பவற்றில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ, உங்கள் படிப்பு அந்தப் பக்கம் இருக்கிறது.

படி 3: பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள்

பட்டத்தின் பெயர் ஆளை ஏமாற்றும், பாடத்திட்டம் ஏமாற்றாது. பல்கலைக்கழக இணையதளத்திலேயே முழுப் பாடத்திட்டமும் பிடிஎஃப் ஆக இருக்கும். பி.எஸ்சி., பி.ஏ., பி.காம். என்றால் ஆறு செமஸ்டர், பி.இ., பி.டெக். என்றால் எட்டு, பி.ஆர்க். என்றால் பத்து. முக்கியப் பாடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முதல் அலகைப் படித்துவிட்டு மூன்றில் ஒரு குறி போடுங்கள்: படிக்க ஆசை, படித்துவிடலாம், பயமாக இருக்கிறது. "ஆசை" பாதிக்குக் குறைவாக இருந்தால் அந்தப் படிப்பை மறுபடி யோசியுங்கள்.

மூன்று இடத்தில் பிள்ளைகள் தவறாமல் அதிர்ச்சி அடைகிறார்கள்.

சமையல் பிடிக்கும் என்று ஹோட்டல் மேனேஜ்மென்ட் சேர்பவர்கள். சமையல் அதில் ஒரு பகுதிதான். உணவு பரிமாறுதல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு, உணவின் அடக்கவிலைக் கணக்கு எல்லாம் சேர்ந்துதான் பட்டம். பயிற்சியின்போது நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டிவரும்.

மனிதர்களோடு பேசப் பிடிக்கும் என்று உளவியல் சேர்பவர்கள். அதில் புள்ளியியல் உண்டு, ஆய்வு முறைகள் உண்டு. இளங்கலை முடித்ததுமே ஆலோசகராக அமர்ந்துவிட முடியாது. மேலே படித்தாக வேண்டும்.

கம்ப்யூட்டர் விளையாட்டு பிடிக்கும் என்று கணினிப் பொறியியல் சேர்பவர்கள். முதல் இரண்டு ஆண்டில் அவர்கள் சந்திப்பது கணிதமும் டேட்டா ஸ்ட்ரக்சரும் (தரவுகளை அடுக்கிவைக்கும் முறைகள்). செயற்கை நுண்ணறிவு என்று பெயர் போட்ட பாடப்பிரிவையும் சாதாரண கணினி அறிவியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பல பாடங்கள் பொதுவாகவே இருக்கும். புதுப் பெயருக்காக அதிகக் கட்டணம் கொடுக்கும் முன் இந்த ஒப்பீட்டைக் கட்டாயம் செய்யுங்கள்.

படி 4: அந்த வேலையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்

பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில், செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் தங்கள் பிள்ளைகளை நேராக முதலாளியாக உட்கார வைக்கவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்த்து, அடுத்தாளாக்கி, அதன்பிறகுதான் மேலாளாக்கினார்கள். படிப்பு விஷயத்திலும் அந்தப் பழக்கம் நல்லது.

இரண்டு நாள் அந்தத் தொழில் செய்பவர் பக்கத்தில் இருங்கள். ஆடிட்டர் அலுவலகம், மருந்துக் கடை, கட்டட வேலை நடக்கும் இடம், புதுவயல் அரிசி ஆலை, எதுவானாலும் முன்கூட்டி அனுமதி கேட்டுப் போனால் யாரும் விரட்ட மாட்டார்கள். அவரிடம் "உங்கள் வேலை நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "நேற்று காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "இதில் உங்களுக்கே சலிக்கும் பகுதி எது?" என்றும் கேளுங்கள்.

தொல்லியல் ஆசை உள்ளவர்கள் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கும் கீழடிக்குப் போகலாம். 2023-இல் அங்கே அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். பொருள்களை மட்டும் பார்த்துவிட்டு வராமல், ஒரு ஓட்டுச் சில்லை எந்தக் குழியில், எந்த ஆழத்தில் எடுத்தோம் என்று பதிவு செய்யும் பொறுமை உங்களுக்கு உண்டா என்று யோசியுங்கள். அந்தத் துறையில் பாதி வேலை பதிவு செய்வதுதான்.

வீட்டில் இருந்தபடியே செய்ய, என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாக உள்ளன. ஒரு பாடத்தில் ஐந்து வகுப்பு பார்த்து, பயிற்சிக் கணக்கு ஒன்றையாவது போடுங்கள். பார்ப்பது எளிது. கணக்கில் கை வைக்கும்போதுதான் உண்மை தெரியும்.

படி 5: உள்ளே போகும் வாசல் எது என்று பாருங்கள்

பிளஸ் ஒன்னில் எடுத்த குரூப் சில வாசல்களை அப்போதே மூடியிருக்கும். பி.ஆர்க். சேர இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும், நாட்டா போன்ற கட்டடக் கலைத் திறனறித் தேர்வும் எழுத வேண்டும். மருத்துவத்துக்கு நீட். தமிழ்நாட்டுக் கவுன்சிலிங் வழியாகச் சேரும் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கட் ஆஃப் 200-க்கு: கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதம் 86, இயற்பியல் 78, வேதியியல் 82 என்றால் 86 + 39 + 41 = 166. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி இணையதளம், தனி விண்ணப்பம். பொறியியல் கிடைக்காவிட்டால் பார்க்கலாம் என்று இதை விட்டுவிடாதீர்கள், அதற்குள் தேதி முடிந்துவிடும்.

பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். பேட்டரி, முலாம் பூசுதல், துருப்பிடித்தல் இவற்றில் ஆர்வமுள்ள பிள்ளைக்குக் காரைக்குடியிலேயே சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. அங்கே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். நடக்கிறது. உறவுக்காரர்கள் கேள்விப்படாத பெயர் என்பதற்காக அதை விட்டுவிட்டு, எங்கோ ஒரு ஊரில் பெரிய கட்டடம் கட்டிய கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது.

அரசு வேலை நோக்கமாக இருந்தால் இன்னொன்று. புதுப்புதுப் பெயரில் வரும் பட்டங்கள், டிஎன்பிஎஸ்சி கேட்கும் பட்டத்துக்கு இணையானவைதானா என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள். இணைத்தன்மைக்கான அரசாணை இல்லாவிட்டால், தேர்வில் வென்ற பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

படி 6: பணக் கணக்கு

கட்டணம் மட்டும் செலவு அல்ல. ஹாஸ்டல், மெஸ், பஸ், லேப்டாப், தேர்வுக் கட்டணம், பி.ஆர்க். போன்றவற்றில் மாதிரி செய்யும் பொருள்கள் எல்லாவற்றையும் எழுதி ஆண்டுகளால் பெருக்குங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. இப்படி அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் கூட்டம் நெரியும்.

படி 7: வீட்டில் பேசுவது

"எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னால் பெரியவர்களுக்கு அது அடமாகவே படும். கையில் மூன்று தாளோடு உட்காருங்கள்: நான்கு வார நோட்டு, குறி போட்ட பாடத்திட்டம், செலவுக் கணக்கு. கல்யாண வீட்டில் வைத்தோ, அம்மான், சித்தப்பா என்று பத்துப் பேர் நடுவிலோ வேண்டாம். அப்பச்சியும் ஆத்தாளும், அதாவது அப்பாவும் அம்மாவும், மட்டும் இருக்கும் ஒரு சாயங்காலம் போதும்.

"அப்பச்சி, வரலாறு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். மூன்று வருஷத்துக்கு இவ்வளவு ஆகும். முடித்ததும் இந்த மூன்று வழி இருக்கிறது. ஒன்றும் சரியாக வரவில்லை என்றால் பி.எட். போட்டு வாத்தியார் வேலைக்கு எழுதலாம்." இப்படித் தொடங்குங்கள். அவர்கள் பயப்படுவது பெரும்பாலும் ஊர் என்ன சொல்லும் என்பதற்காக அல்ல, நாளைக்குப் பிள்ளை சோற்றுக்கு என்ன செய்யும் என்பதற்காக. அந்தப் பயத்துக்குப் பதில் கொடுத்தால் மதிப்பு, கௌரவம் என்ற பேச்சு தானாகக் குறையும். அப்பச்சி மறுத்தால், அவர் சொல்லும் படிப்புக்கும் இதே மூன்று தாளைத் தயார் செய்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். சில வேளை அவர் சொன்னதே சரியாக இருக்கும். அதற்கும் மனதைத் திறந்து வையுங்கள்.

படி 8: கல்லூரியை நேரில் பாருங்கள்

விருப்பம் எவ்வளவு இருந்தாலும், ஆய்வகம் இல்லாத கல்லூரியில் அறிவியல் படித்தால் அது வாடிவிடும். ஞாயிறு வேண்டாம், வேலை நாளில் போங்கள். ஆய்வகத்தில் ஒரு கருவியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம், இந்த செமஸ்டரில் அவர் கையால் செய்த சோதனைகள் எவை என்று கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி விதி. "டிசி, மார்க் ஷீட் எல்லாம் கொடுங்கள், சீட் போட்டு வைக்கிறோம்" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 9: விருப்பப் பட்டியல்

பொறியியல் கவுன்சிலிங்கில் எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் போடக் கிடைப்பது சில நாள்தான். எனவே கல்லூரி எண், பாடப்பிரிவின் இரண்டெழுத்துக் குறி, போன ஆண்டு உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு அந்த சீட் நின்ற கட் ஆஃப், இந்த மூன்றையும் முன்பே தாளில் எழுதி வையுங்கள். வரிசை போடும்போது பாடப்பிரிவை முதலில் வையுங்கள், அதற்குள் கல்லூரிகளை நல்லதிலிருந்து அடுக்குங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயர் பெற்ற கல்லூரியை எடுத்து அதிலுள்ள எல்லாப் பிரிவையும் மேலே போட்டுவிடுகிறார்கள். கடைசியில் கல்லூரி கிடைக்கும், படிக்க ஆசைப்பட்ட பாடம் கிடைக்காது. உள்ளே போன பிறகு பிரிவு மாற்றுவது மிகக் கடினம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் சில வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். "ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன்" என்ற வழியில் கவனம் வேண்டும். பட்டியலில் மேலே உள்ள சீட் காலியானால் அது தானாக உங்களுக்கு வந்துவிடும், கையில் இருந்தது போய்விடும். பிறகு பழையதைக் கேட்க முடியாது. அதனால் ஒதுக்கீடு வந்த சீட்டுக்கு மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் படித்து, "இது வந்தால் உண்மையிலேயே சேர்வேனா?" என்று கேளுங்கள். ஒரு வரிக்காவது "இல்லை" என்று பதில் வந்தால், காத்திருக்க வேண்டாம், கையில் உள்ளதிலேயே சேர்ந்துவிடுங்கள். இந்தச் சிக்கலே வராமல் இருக்க, பட்டியலைப் பூட்டும் முந்தைய இரவே அப்படிப்பட்ட வரிகளை நீக்கிவிடுங்கள். பூட்டியபின் பட்டியலை அச்செடுத்து, வீட்டில் இன்னொருவரை வரி வரியாக எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு எண் மாறினாலும் வேறு கல்லூரி வந்து நிற்கும்.