ஐரிஷா இத்தாலியனா: அமெரிக்காவுக்கு வந்த ரெண்டு கூட்டத்த ஒழுங்கா ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி

அமெரிக்காவுக்கு கப்பல் ஏறி வந்தவங்கள்ல ஐரிஷ்காரங்க நல்லா வந்தாங்களா இத்தாலிக்காரங்க நல்லா வந்தாங்களான்னு கேட்டா முக்கால்வாசிப் பேரு பண்றது ஒரே வேலதான், சென்சஸ் பீரோ டேபிள்ல ரெண்டு பேரோட மீடியன் குடும்ப வருமானத்தையும் (வரிசையா நிறுத்துனா நடுவுல வர்ற குடும்பத்தோட வருமானம்) எடுத்து பக்கத்துல பக்கத்துல வைப்பாங்க, எது பெருசோ அவங்க ஜெயிச்சாங்கம்பாங்க, அப்புறம் அதுக்கு காரணம் குடும்பக் கட்டுக்கோப்பு, உழைப்பு, மதம்னு ஒரு கதைய கட்டிருவாங்க. இந்த ரெண்டு கூட்டத்தோட பழைய சென்சஸ் டேட்டாவுல நான் ரொம்ப நாள் உக்காந்துருக்கேன். அந்த டேபிள் பொய் இல்ல, ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல. இத எப்படி பண்ணலாம்னு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன், வேற ரெண்டு கூட்டத்த எடுத்தாலும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

முதல்ல 'நல்லா வர்றது'ன்னா என்னன்னு முடிவு பண்ணுங்க, ஏன்னா எத அளக்குறீங்களோ அதுக்கு தகுந்த மாதிரி பதில் மாறும். அரசியல் பதவிய அளந்தா ஐரிஷ்காரங்க எங்கயோ போயிட்டாங்க: 1880லயே வில்லியம் கிரேஸ் நியூயார்க் மேயரா ஜெயிச்சாரு, 1884ல ஹியூ ஓ'பிரையன் பாஸ்டன்ல ஜெயிச்சாரு, இத்தாலி வழி வந்த லா கார்டியா நியூயார்க் மேயர் நாற்காலில உக்காந்தது 1934ல. ஆனா பதவி கைல இருந்தா பணமும் வந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல. டாமனி ஹால் மாதிரி கட்சி அமைப்புங்க குடுத்தது போலீஸ், தீயணைப்பு, மாநகராட்சி வேலைங்கதான், மாசம் பொறந்தா சம்பளம் வரும், ஆனா அதுல பெருசா மேல போக முடியாது. இன்னொரு பக்கம் படிப்ப அளந்தா இத்தாலிக்காரங்க ரொம்ப நாள் பின்தங்கி இருந்தாங்க, ஆனா வீடு வாங்குறத அளந்தா அவ்வளவு பின்தங்குன மாதிரி தெரியாது, ஏன்னா பசங்கள வேலைக்கு அனுப்பி அந்த காசுல வீடு வாங்குன குடும்பங்க நிறைய. அதனால வருமானம், வேலை, படிப்பு, சொந்த வீடு, கல்யாணம்னு நாலஞ்சு அளவுகோல முன்னாடியே எழுதி வச்சுக்குங்க. ரிசல்ட்ட பாத்துட்டு அளவுகோல மாத்தாதீங்க.

அடுத்தது வருஷம். என்ன கேட்டா மொத்த வேலையில பாதி இதுதான். ஐரிஷ்காரங்களோட பெரிய அலை வந்தது 1845ல ஆரம்பிச்ச உருளைக்கிழங்கு பஞ்சத்துல, இத்தாலியோட பெரிய அலை 1880க்கு அப்புறம், அதுலயும் உச்சம் 1900லருந்து 1914 வரைக்கும். நடுவுல கிட்டத்தட்ட அம்பது வருஷம். இப்ப 1910 சென்சஸ எடுத்து ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டா என்ன ஆகும்? ஒரு பக்கம் அப்பா காலத்துலயே வந்து செட்டில் ஆன குடும்பத்துப் பையன், இன்னொரு பக்கம் போன மாசம் எல்லிஸ் ஐலண்ட்ல (நியூயார்க் குடியேற்ற நிலையம்) இறங்குன மனுஷன். அதுல இத்தாலிக்காரன் தோத்தான்னு சொல்றது நியாயமே இல்ல. வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடாம தலைமுறைக்கு தலைமுறை ஒப்பிடுங்க. 1860ல அயர்லாந்துல பொறந்தவங்க சுமார் 16 லட்சம் பேர் அமெரிக்காவுல இருந்தாங்க, 1910ல இத்தாலில பொறந்தவங்க சுமார் 13 லட்சம், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு கூட்டம், ரெண்டுலயும் பெரும்பாலான ஆம்பளைங்க மண்ணு வெட்டுறது கல்லு தூக்குறதுன்னு கூலி வேலைதான். இவங்கள எதிரெதிரா வைங்க. ஐரிஷ் பிள்ளைங்கள 1880, 1900லயும் இத்தாலி பிள்ளைங்கள 1930, 1940லயும் தேடுங்க.

இப்படி பண்ணும்போது ஒரு தொந்தரவு வரும், 1860 டாலரும் 1910 டாலரும் ஒண்ணு இல்ல, நாடே மாறிப்போச்சு. அதனால நேரடியா தொகைய ஒப்பிடாதீங்க, அதே வருஷத்துல அதே ஊர்ல இருந்த, அமெரிக்காவுல பொறந்த வெள்ளைக்காரங்களுக்கும் இவங்களுக்கும் எவ்வளவு இடைவெளின்னு விகிதமா எடுங்க, அந்த இடைவெளி அடுத்த தலைமுறைல எவ்வளவு குறைஞ்சுதுன்னு பாருங்க. ஒப்பிட வேண்டியது அந்த இடைவெளியத்தான்.

டேட்டா எங்க கிடைக்கும்னா, மினசோட்டா பல்கலைக்கழகம் நடத்துற ஐபம்ஸ் (IPUMS)ங்கற இணையதளத்துல ஆள்வாரியான பழைய சென்சஸ் பதிவு இலவசமா டவுன்லோட் பண்ணலாம். ஆனா ஒவ்வொரு சென்சஸ்லயும் என்ன கேட்டாங்க என்ன கேக்கலன்னு தெரியாம இறங்குனா ஏமாந்துருவீங்க. பொறந்த நாடு 1850லருந்து இருக்கு. அப்பா அம்மா எந்த நாடுன்னு 1880லருந்து 1970 வரைக்கும் இருக்கு, அதுக்கப்புறம் அத எடுத்துட்டு 1980ல 'உங்க வம்சாவளி என்ன'ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அதாவது 1980க்கு முன்னாடி மூணாவது தலைமுறைய சென்சஸ்ல கண்டுபிடிக்கவே முடியாது, அவங்க சாதாரண அமெரிக்கர்களோட கலந்து போயிருப்பாங்க. 1890 சென்சஸ்ல பெரும்பகுதி 1921ல நடந்த தீ விபத்தோட போச்சு. சம்பளமும், எத்தன வருஷம் படிச்சீங்கங்கறதும் 1940லதான் முதல் தடவையா வருது. அந்த 1940லயே ரெண்டு பள்ளம் இருக்கு. அப்பா அம்மா பொறந்த நாட்ட எல்லார்கிட்டயும் கேக்கல, நூத்துக்கு அஞ்சு பேர்கிட்டதான் கேட்டாங்க. கூலி சம்பளத்த மட்டும்தான் டாலர் கணக்குல எழுதுனாங்க, சொந்தத் தொழில் வருமானத்த எழுதல. முடி வெட்டுறவரு, செருப்பு தைக்கிறவரு, பழக்கடை வச்சுருந்தவருன்னு இத்தாலிக்காரங்கள்ல எத்தனையோ பேரு சொந்தக் கடைல நின்னவங்க, அவங்க எல்லாரும் சம்பளம் பூஜ்யம்னு தெரிவாங்க. இத கவனிக்காம ஆவரேஜ் போட்டா முடிஞ்சுது கதை.

1940க்கு முன்னாடி வருமானம் இல்லாததால வேலைய வச்சு ஒரு ஸ்கோர் குடுப்பாங்க, 1950ல அந்த வேலைக்கு கிடைச்ச மீடியன் வருமானம்தான் அந்த ஸ்கோர். வசதிதான், ஆனா ஒரே வேலைப் பேருக்குள்ள ஐரிஷ்காரருக்கு ஒரு கூலி இத்தாலிக்காரருக்கு ஒரு கூலின்னு இருந்தா அது இதுல தெரியாது. பொம்பளைங்க விஷயத்துல இன்னும் மோசம். அயர்லாந்துலருந்து கல்யாணம் ஆகாத இளம் பொண்ணுங்க தனியா கிளம்பி வந்து வீட்டு வேலைல சேந்தாங்க, தங்க இடமும் சாப்பாடும் முதலாளி வீட்டுலயே, கைல வர்ற காசு அப்படியே மிச்சம், அத ஊருக்கு அனுப்பி தம்பி தங்கச்சிக்கு கப்பல் டிக்கெட் எடுத்தாங்க. ஸ்கோர்ல பாத்தா அவங்க கடைசிப் படிதான். நெஜத்துல ஒரு குடும்பத்தையே கடல் தாண்ட வச்சது அவங்கதான், அது எந்த டேபிள்லயும் வர்றதில்ல, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு.

சொத்துக் கணக்கு வேணும்னா ஐரிஷ் பக்கம் 1850, 1860, 1870 சென்சஸ்ல நிலம் வீட்டோட மதிப்பு இருக்கு. நியூயார்க்ல ஐரிஷ்காரங்களுக்காக 1850ல ஆரம்பிச்ச எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க்கோட பழைய லெட்ஜரும் ஆராய்ச்சிக்கு கிடைக்குது, பஞ்சத்துல வெறுங்கையோட வந்தவங்கன்னு நாம நெனைக்கிற ஆளுங்க அதுல எவ்வளவு சேத்துருக்காங்கன்னு பாத்தா அசந்து போவீங்க. இத்தாலி பக்கம் 1900லருந்து சொந்த வீடா வாடகையாங்கற கேள்வியும், 1930, 1940ல வீட்டு மதிப்பும் இருக்கு. ரெண்டும் ஒரே அளவுகோல் இல்ல, அதனால டேபிள்ல ஒரே நெடுவரிசைல போடாதீங்க.

இனி யாரு 'ஐரிஷ்', யாரு 'இத்தாலியன்'ங்கறது. இன்னிக்கு ஐரிஷ் வம்சாவளின்னு சொல்றவங்கள்ல பஞ்சத்துல வந்த கத்தோலிக்கர்களோட வாரிசு மட்டும் இல்ல, 1700கள்ல அயர்லாந்தோட வடக்குப் பகுதியான அல்ஸ்டர்லருந்து வந்து அப்பலாச்சியா மலைப்பக்கம் குடியேறுன புராட்டஸ்டன்ட்டுங்களோட வாரிசும் ஏராளம். இவங்க வந்த காலம் வேற, ஊர் வேற, தொழில் வேற. சென்சஸ்ல மதம் கேக்க மாட்டாங்க, அதனால 1972லருந்து நடக்குற ஜெனரல் சோஷியல் சர்வேய எடுங்க, அதுல வம்சாவளியும் இருக்கு, எந்த மதத்துல வளந்தாங்கங்கறதும் இருக்கு, ஐரிஷ் கத்தோலிக்கர தனியா பிரிச்சு பாக்கலாம். பிரிச்சா அவங்க படிப்பும் வருமானமும் மொத்த ஐரிஷ் ஆவரேஜவிட மேல நிக்குறது தெரியும். கேள்விய எப்படி கேக்குறாங்கங்கறதுலயே தலை எண்ணிக்க மாறும்: 2020 சென்சஸ்ல ஐரிஷ்னு எழுதுனவங்க 3 கோடியே 86 லட்சம், சென்சஸ் பீரோ வருஷா வருஷம் எடுக்குற அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேல அதே காலகட்டத்துல சுமார் 3 கோடியே 10 லட்சம்தான். எந்த எண்ண எடுத்தீங்கன்னு கண்டிப்பா எழுதுங்க.

இத்தாலி பக்கமும் இதே பிரச்சன. 1899லருந்து அமெரிக்க குடியேற்ற அதிகாரிங்களே வடக்கு இத்தாலி தெற்கு இத்தாலின்னு தனித்தனியா எண்ணுனாங்க, அதுக்கு பின்னாடி இருந்த இனவாதம் அசிங்கமானது, ஆனா அந்தப் பிரிவு நமக்கு இன்னிக்கு உபயோகப்படுது. தெற்குலருந்து வந்த பெரியவங்கள்ல பாதிக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாதவங்க, வடக்குல அந்த அளவு ரொம்ப கம்மி. நியூயார்க்குக்கு தெற்குக்காரங்க அதிகம், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு லிகூரியா மாதிரி வடக்குப் பகுதிக்காரங்க அதிகம், அங்கதான் இத்தாலி வழி வந்த ஜியான்னினி 1904ல பேங்க் ஆஃப் இட்டலிய ஆரம்பிச்சாரு, பின்னாடி அதுதான் பேங்க் ஆஃப் அமெரிக்கா ஆச்சு. ரெண்டு ஊரையும் கலந்து 'இத்தாலியன்'னு ஒரே ஆவரேஜ் போட்டா அது எந்த ஊருக்கும் பொருந்தாது.

திரும்பிப் போனவங்கள மறக்கவே கூடாது. பஞ்சத்துல வந்த ஐரிஷ்காரங்க திரும்பிப் போக அங்க ஒண்ணும் இல்ல, போனவங்க ரொம்பக் கொஞ்சம். இத்தாலி ஆம்பளைங்கள்ல பெரும் பகுதி நாலஞ்சு வருஷம் சம்பாதிச்சுட்டு ஊருக்கு திரும்புனவங்க. அப்ப 20 வருஷமா அமெரிக்காவுல இருக்குற இத்தாலிக்காரர எடுத்தா அவரு வடிகட்டி மிஞ்சுன ஆளு, புதுசா வந்தவரவிட அவரு மேல இருக்குறதுக்கு காரணம் முன்னேற்றமா வடிகட்டலான்னு அந்த ஒரு சென்சஸ வச்சு சொல்ல முடியாது. அதுக்கு ஒரே ஆள ரெண்டு மூணு சென்சஸ்ல தேடிப் பிடிச்சு இணைக்கணும். ரன் அப்ரமிட்ஸ்கி, லியா பௌஸ்டன், கேத்தரின் எரிக்சன்னு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க மூணு பேரும் 2014ல அப்படி இணைச்சு பாத்தப்ப, வந்தவங்க எல்லாரும் அடிமட்டத்துல ஆரம்பிச்சு சீக்கிரமா எட்டிப் பிடிச்சாங்கங்கற பழைய கதை பெருசா அடிபட்டுப் போச்சு. நீங்க இணைக்கும்போது ஒண்ணு பாத்துக்குங்க, ஜான் சல்லிவன், மேரி மர்ஃபின்னு ஐரிஷ் பேரு ஆயிரக்கணக்குல ஒரே மாதிரி இருக்கும், இத்தாலி பேர எழுதுனவரு ஒவ்வொரு தடவையும் வேற ஸ்பெல்லிங் போட்டுருப்பாரு. கல்யாணம் ஆன பொண்ணுங்க பேரு மாறி காணாமலே போயிருவாங்க. யாரெல்லாம் விட்டுப்போனாங்கன்னு ஒரு தனி டேபிள் போடுங்க.

இடத்த சின்னதா சொல்லிட்டு போறேன். இத்தாலி வம்சாவளி நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட், ரோட் ஐலண்ட் பக்கமே குவிஞ்சுருக்கு, அங்க சம்பளமும் அதிகம் செலவும் அதிகம், ஐரிஷ் வம்சாவளி நாடு முழுக்க பரவியிருக்கு. அதனால ஒரே பெருநகரத்துக்குள்ள, ஒரே வயசுக்காரங்கள வச்சு பாருங்க. தேசிய மீடியன்ல தெரியுற வித்தியாசத்துல எவ்வளவு மிஞ்சுதுன்னு அப்ப தெரியும்.

அப்புறம் சட்டம். 1907ல ஒரே வருஷத்துல இத்தாலிலருந்து 2,85,000 பேருக்கு மேல வந்தாங்க, 1924 குடியேற்றச் சட்டம் அத வருஷத்துக்கு 3,845ன்னு வெட்டிருச்சு, அயர்லாந்துக்கு குடுத்தது 28,567. இது அநியாயம்தான், ஆனா உங்க கணக்குல இன்னொரு வேலையும் பண்ணும்: புதுசா ஏழைங்க வர்றது நின்னதால இத்தாலி கூட்டத்தோட ஆவரேஜ் தானாவே ஏறும். 1844ல ஃபிலடெல்ஃபியாவுல ஐரிஷ்காரங்களோட சர்ச்ச கும்பல் எரிச்சுது, 1891ல நியூ ஆர்லியன்ஸ்ல 11 இத்தாலிக்காரங்கள கும்பல் கொன்னுது, பட்ட அடிய கொறைச்சு சொல்லவே கூடாது. ஆனா 1790 சட்டப்படி வெள்ளையருக்குன்னு இருந்த குடியுரிமை ரெண்டு கூட்டத்துக்குமே திறந்திருந்துது, ஓட்டு போட முடிஞ்சுது, 1944க்கு அப்புறம் ராணுவத்துலருந்து வந்தவங்களுக்கான படிப்பு உதவியும், புறநகர் வீட்டுக் கடனும் கிடைச்சுது. அந்தக் கடன் கறுப்பின மக்களுக்கு பெரும்பாலும் மறுக்கப்பட்டுச்சு. இத எழுதாம 'இவங்க உழைச்சு வந்தாங்க, மத்தவங்க ஏன் வரல'ன்னு முடிக்கிறவங்கள நான் நிறைய பாத்துட்டேன், தயவுசெஞ்சு அந்தத் தப்ப பண்ணாதீங்க.

கலாச்சாரத்த கடைசியா எடுங்க. தெற்கு இத்தாலிக்காரங்க படிப்ப மதிக்கல, அதான் பின்தங்குனாங்கன்னு அந்தக் காலத்துலயே சொன்னாங்க. நியூயார்க் கிழக்கு ஹார்லெம்ல 1934ல தொறந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஹைஸ்கூலோட முதல்வர் லியனார்டோ கொவெல்லோ அவரே இத்தாலில பொறந்து வந்தவரு, வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல இருந்த அவநம்பிக்கைய பக்கத்துலருந்து பாத்தவரு. 14 வயசுப் பையனோட சம்பளம் இல்லாம அடுப்பு எரியாத வீட்டுல ஸ்கூல மதிக்கலன்னு சொல்றது எனக்கு ஒத்துக்கவே முடியாது. ஐரிஷ்காரங்களுக்கு பெரும்பாலும் இங்கிலீஷ் தெரிஞ்சுருந்துது, அவங்க கைல சர்ச் ஸ்கூல் இருந்துது. ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் பொறந்த இத்தாலி வம்சாவளிப் பிள்ளைங்க படிப்புல மத்த வெள்ளைக்காரங்கள எட்டிப் பிடிச்சுட்டாங்க. நூத்தாண்டுக் கணக்கா ஊறுன கலாச்சாரம்தான் காரணம்னா ஒரு தலைமுறைல அது எங்க போச்சு? அதனால மேல சொன்ன எல்லாத்தையும் கழிச்சதுக்கு அப்புறமும் இடைவெளி மிஞ்சுனா மட்டும் கலாச்சாரத்த பத்தி பேசுங்க.

கல்யாணம்தான் கடைசி சிக்கல். 1980கள்லயே இளவயசு ஐரிஷ், இத்தாலி ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க வேற வம்சாவளில கட்டியிருந்தாங்க, பல நேரம் ஒருத்தர ஒருத்தர் கட்டியிருந்தாங்க. அப்படிப் பொறந்த பிள்ளை ரெண்டு கணக்குலயும் வரும், இல்ல ஒண்ணுலயும் வராது. டேபிள மூணு தடவ ஓட்டுங்க, முதல் வம்சாவளி மட்டும், ரெண்டுல எதுவா இருந்தாலும், ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுதுனவங்கன்னு. மூணுலயும் ஒரே கூட்டம் மேல வந்தா அத எழுதுங்க, இல்லன்னா மூணு ரிசல்ட்டையும் அப்படியே போடுங்க, ஒண்ண மட்டும் எடுக்காதீங்க.