மைக்செட் லோடு, பின்னால் ஜெனரேட்டர் வண்டி: ரிவர்ஸ் கேமராவை எங்கே மாற்றிப் பொருத்துவது?

கோயில் கொடைத் திருவிழாக் காலம் வந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் மைக்செட் பிக்கப்புகளுக்கு ஓய்வே கிடையாது. பாக்ஸ், குழல், சீரியல் செட், சட்டம் எல்லாம் கேபின் உயரத்தைத் தாண்டி ஏறியிருக்கும். பின்னால் கொக்கியில் ஜெனரேட்டர் வண்டி. இந்த நிலையில் பின் டோரில் இருக்கிற கேமரா ஜெனரேட்டரின் தகரத்தைத்தான் காட்டும். டோரை இறக்கிவிட்டு லோடு ஏற்றியிருந்தால் தரையைக் காட்டும். கேபினுக்குள் இருக்கும் கண்ணாடியிலும் தார்ப்பாய்தான் தெரியும். கோயில் தெருவில் ஜெனரேட்டரை வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் சரியாக அந்த மறைவில்தான் நிற்பார்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

டெஸ்ட் லேம்பும் (வயரில் கரண்ட் வருகிறதா என்று காட்டும் விளக்கு) ஸ்பேனரும் பிடிக்கத் தெரிந்தால் போதும், நீங்களே செய்துவிடலாம்.

எத்தனை கேமரா, எங்கே?

இரண்டு வேண்டும். ஒன்று வண்டியின் பின் பம்பருக்கு மேலே, கொக்கியைப் பார்த்தபடி. ஜெனரேட்டரை மாட்டும்போது ஆள் இறங்கிப் பார்க்க வேண்டியிருக்காது. இரண்டாவது ஜெனரேட்டர் வண்டியின் பின்பக்கம், கூடாரத் தகரத்தின் மேல் விளிம்பில். முக்கியமானது இதுதான். வண்டியும் ஜெனரேட்டரும் சேர்ந்து எங்கே முடிகிறதோ, அங்கிருந்து பார்த்தால்தான் பின்னால் இருப்பது தெரியும்.

பழைய கேமரா தனியாக வாங்கி மாட்டியது என்றால் அதையே கொக்கிப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். கம்பெனியில் இருந்தே வந்தது என்றால் அதன் வயரை வெட்டாதீர்கள். அதை அப்படியே விட்டுவிட்டு இரண்டும் புதிதாக வாங்குங்கள்.

வாங்க வேண்டியவை

லாரிகளுக்கு விற்கிற 7 இஞ்ச் மானிட்டர், இரண்டு கேமரா இணைப்பு உள்ளது. நான்கு பின் உள்ள, திருகி இறுக்கும் கனெக்டர் வைத்த கேமராவும் கேபிளும். குலுங்கினால் கழன்றுவிடும் மஞ்சள் பின்னை விட இது எவ்வளவோ மேல். கேமராவும் மானிட்டரும் ஒரே வகையா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். ஏஹெச்டி என்கிற, கூடுதல் தெளிவுள்ள கேமராவைப் பழைய வகை மானிட்டரில் மாட்டினால் படம் வராது. மழை தாங்க ஐபி 67 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். அப்புறம் வயரின் நடுவில் வைக்கும் இன்லைன் ஃபியூஸ், வயரைப் பாதுகாக்கும் நெளிவுக் குழாய், ரப்பர் புஷ், கேபிள் டை. உவரி, இடிந்தகரைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு வாங்கிவிடுங்கள். உப்புக் காற்றுக்குச் சாதா போல்ட்டு நிற்காது.

வயர்லெஸ் கேமரா வேண்டாம். நடுவில் இத்தனை இரும்பு இருக்கும்போது படம் விட்டு விட்டு வரும், சற்றுப் பிந்தியும் வரலாம். ரிவர்ஸில் அது ஆபத்து.

கேமராவைப் பொருத்துதல்

ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கம் வைத்தால் லென்ஸில் கரி படிந்துவிடும். எதிர்ப்பக்கமாக, முடிந்தவரை நடுவை ஒட்டி இடம் தேர்ந்தெடுங்கள். ஓட்டை போடும் முன் கேமராவை மானிட்டரில் மாட்டி, கையால் பிடித்து ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துப் பார்ப்பது நல்லது. படத்தின் அடியில் ஜெனரேட்டர் வண்டியின் விளிம்பு ஒரு கீற்றாவது தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் சுவருக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி என்று கண் கணக்குப் போடும்.

ஜெனரேட்டர் ஓடும்போது தகரம் அதிரும். அதனால் ரப்பர் வாஷர் வைத்து, அதிர்வில் தளராத நைலாக் நட்டால் இறுக்குங்கள். போட்ட ஓட்டையின் விளிம்பில் துருத் தடுப்பு பெயிண்ட் தடவி, ரப்பர் புஷ் மாட்டி, அதன் வழியாக வயரை விடுங்கள். நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் கேமரா மறைக்கக் கூடாது.

வயர் இழுத்தல்

சேஸிஸை ஒட்டி நெளிவுக் குழாய்க்குள் கொண்டு போங்கள். சைலன்ஸரும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் இருக்கும் பக்கம் போகக் கூடாது.

கொக்கி இருக்கிற இடத்தில் அவசரப்படாதீர்கள். அங்கே கனெக்டர் வைத்து, ஜெனரேட்டரைக் கழற்றினால் வயரும் கழன்று வரும்படி செய்ய வேண்டும். வண்டியை முழுதாக இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் வயர் விறைக்கவும் கூடாது, நேராக நிற்கும்போது தரையில் உரசவும் கூடாது. கூடுதல் வயரை இழுவைக் கம்பியின் மேல் ஒரு வளையமாக விட்டு, தளர்வாக டை போடுங்கள். கனெக்டருக்குள் நுழைவதற்குச் சற்று முன் வயர் கீழே தொய்ந்து ஏற வேண்டும். மழைத் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும், உள்ளே போகாது. கழற்றி வைக்கும்போது இரண்டு முனைக்கும் மூடி போடுங்கள்.

கரண்ட்

மானிட்டரின் சிவப்பு வயரை, சாவி போட்டால் கரண்ட் வரும் வயரில் ஃபியூஸ் வைத்து இணையுங்கள். கறுப்பு வயரைப் பெயிண்ட் சுரண்டிய சேஸிஸ் போல்ட்டில் மாட்டுங்கள். கேமராவுக்குத் தேவையான கரண்டை இந்த வகை மானிட்டரே அதே கேபிளில் கொடுத்துவிடும்.

மீதமிருப்பது ட்ரிக்கர் வயர். ரிவர்ஸ் போட்டதும் அந்தக் கேமராவின் படத்தைத் திரைக்குக் கொண்டுவருவது இதுதான். எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியரில் வையுங்கள். பின்விளக்குக் கட்டில் டெஸ்ட் லேம்ப் எந்த வயரில் எரிகிறதோ, கியரை எடுத்ததும் எதில் அணைகிறதோ, அதுதான் ரிவர்ஸ் லைட் வயர். நிறத்தை நம்பாதீர்கள், வண்டிக்கு வண்டி மாறும். ஜெனரேட்டர் பின்பக்கக் கேமராவின் ட்ரிக்கரை அதில் கொடுங்கள்.

ரிவர்ஸ் லைட் வயரிலிருந்தே கேமராவுக்கும் கரண்ட் எடுக்கும் வழக்கம் உண்டு. இழுவை வண்டிக்கு அது சரிப்படாது. முன்னோக்கிப் போகும்போதும் பின்னால் இருப்பதைப் பார்த்தாக வேண்டும். கழன்ற தார்ப்பாய், ஒட்டி வரும் பைக் எல்லாம் அப்போதுதான் தெரியும். அதற்காக ஒரு ஸ்விட்ச் வைத்து அதே வயரில் கரண்ட் கொடுத்தால், அது திரும்பிப் போய் ரிவர்ஸ் லைட்டையும் எரிய வைக்கும். பின்னால் வருகிறவர் குழம்பிப்போவார்.

படத்தைத் திருப்புதல், கோடு

பின்பக்கக் கேமரா கண்ணாடி போலக் காட்ட வேண்டும். இடப்பக்கம் ஒருவரை நிறுத்துங்கள், திரையிலும் இடப்பக்கம் தெரிகிறாரா? இல்லையென்றால் மானிட்டர் மெனுவில் மாற்றலாம். சில கேமராக்களில் இதற்கென்றே சின்ன வளைய வயர் இருக்கும், அதை வெட்டினால் மாறும். ஜெனரேட்டர் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங் ஏற்கெனவே எதிராக வேலை செய்யும். படமும் எதிராக இருந்தால் கன்னடியன் கால்வாய்க்கரை ரோட்டில் ரொம்பச் சிரமம்.

திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் இந்த உயரத்துக்குப் போட்டவை அல்ல. ஜெனரேட்டர் விளிம்பிலிருந்து 1, 2, 3 மீட்டரில் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அவை திரையில் எங்கே விழுகின்றன என்று பார்த்து, மானிட்டர் ஓரத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, திரையில் வரும் கோடுகளை அணைத்துவிடுங்கள். ஜெனரேட்டர் இல்லாமல் போகும் நாளில் இந்த அடையாளம் பொருந்தாது.

கேமரா வந்துவிட்டது என்று கிளீனரை வண்டிக்குள் உட்கார வைத்துவிடாதீர்கள். கோயில் தெருவில் அவர் இறங்கி ஓட்டுநர் பக்கம், பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்கட்டும். அவர் உருவம் கண்ணாடியிலிருந்து மறைந்தால் உடனே வண்டியை நிறுத்திவிடுங்கள்.