மலைநாட்டு கோர்ட்டில் டென்னிஸ்: புதிதாக ஆடுகிறவர்களுக்கு எளிய உத்திகள்

பொழுதுபோக்காக ஆடுகிறவர்களின் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒன்று தெரியும். புள்ளி பெரும்பாலும் எதிராளி வலையில் போட்டதால் அல்லது வெளியே அடித்ததால் வருகிறது. ஆகவே எதிராளியைவிட ஒரு பந்தை அதிகமாக உள்ளே போடத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

நுவரெலியா பக்கம் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஊர் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுத் தடை குறைவதால் பந்து தூரம் போகும். வெளியழுத்தம் குறைவதால் காற்றடைத்த பந்து தரையில் பட்டுக் கூடுதலாக எழும்பும். கொழும்பில் கோட்டைத் தொடும் அடி இங்கே வெளியே போய் விழும்.

படி 1: பந்து

1219 மீற்றருக்கு மேலான இடங்களுக்குச் சர்வதேச விதிகளே தனிப் பந்தை அனுமதிக்கின்றன. டின்னில் ‘ஹை ஆல்டிடியூட்’ என்றிருக்கும். நானுஓயாவும் இந்தக் கணக்கில் வரும், கண்டி வராது. அந்தப் பந்து கிடைக்காவிட்டால், அப்போதுதான் உடைத்த சாதாரண டின்னைவிடச் சற்றுத் தேய்ந்த பந்து மேல். சிறுவர்களுக்குப் பச்சைப் புள்ளிப் பந்து வாங்குங்கள், வேகம் கால்வாசி குறையும். இன்னும் சின்னவர்களுக்கு ஆரஞ்சுப் புள்ளி, பாதி வேகம். பெரியவர்கள் மட்டைக்கு நரம்பு கட்டும்போது இறுக்கத்தை 2 பவுண்டு கூட்டலாம். பிள்ளைகளின் மட்டைக்கு அது வேண்டாம், முழங்கை வலிக்கும்.

படி 2: குறி

வலைக்கு மேல் 2 முதல் 3 அடி, கோட்டுக்கு உள்ளே 4 அடி. கோட்டையே குறிவைத்தால் சின்னப் பிசகுக்கும் புள்ளி போய்விடும். பந்து நீளமாகப் போகிறதென்று பலர் மெதுவாகத் தட்டத் தொடங்குவார்கள். அப்போது அது பாதிக் கோர்ட்டில் விழுந்து எதிராளிக்கு வசதியாகிவிடும். அடிக்குமுன் மட்டையைப் பின்னால் இழுப்பதைச் சுருக்குங்கள். மட்டையைப் பந்துக்குக் கீழிருந்து மேலே வீசித் தோளுக்கு மேல் முடியுங்கள். அப்போது பந்து முன்பக்கமாகச் சுழலும்; அந்த மேற்சுழல்தான் பந்தைக் கீழே இறக்கும்.

படி 3: குறுக்கே அடியுங்கள்

வலை நடுவில் 3 அடி, கம்பத்தருகே 3½ அடி. ஒற்றையர் கோர்ட்டின் நீளம் 78 அடி. மூலைக்கு மூலை அளந்தால் 82½ அடி. குறுக்கே அடிக்கும் பந்து தாழ்ந்த இடத்தால் கடக்கிறது, விழுவதற்கு 4½ அடி கூடுதலாகவும் கிடைக்கிறது. பந்து பறக்கும் ஊரில் இந்த 4½ அடியை விட்டுவிடலாமா? சந்தேகம் வந்தால் குறுக்கே.

படி 4: அடித்தபின் எங்கே நிற்பது

சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது பெரும்பாலும் இதைத்தான். எல்லா அடிக்கும் பிறகு நடுப்புள்ளிக்கு (பின்கோட்டின் நடுவுக்கு) ஓடுவது தவறு. எதிராளி அடிக்கக்கூடிய இரண்டு ஓரங்களுக்கும் நடுவே நிற்க வேண்டும். வலது மூலையிலிருந்து குறுக்கே அடித்தால் அந்த இடம் நடுப்புள்ளிக்கு ஓரடி வலப்பக்கமே வரும், நாலைந்து எட்டில் வந்துவிடலாம். அதே மூலையிலிருந்து கோட்டோரமாக நேரே அடித்தால் நடுப்புள்ளியைத் தாண்டி இடப்பக்கம் ஓட வேண்டும். களைத்த காலோடு நேரே அடிக்கிறவர் அடுத்த பந்துக்கு எட்டாமல் நிற்பது இதனால்தான்.

நேரே அடிக்க ஏற்ற வேளை, பந்து சர்வீஸ் கோட்டுக்கு (வலைக்கும் பின்கோட்டுக்கும் இடையிலுள்ள குறுக்குக் கோடு) பக்கத்தில் குட்டையாக விழும்போது. அடித்தவுடன் அதே பக்கமாக முன்னேறி வலையருகே போய்விடுங்கள். பின்னால் திரும்பி ஓடும் வேலை மிச்சம்.

எதிராளி உயரத் தூக்கிப் போட்டால் பந்து பிள்ளைகளின் தலைக்கு மேல் எழும்பும். இரண்டு மூன்று எட்டுப் பின்னால் போய், இடுப்பளவுக்கு இறங்கவிட்டு, திரும்ப உயரமாகவே குறுக்கே அனுப்புங்கள்.

படி 5: சர்வ்

முதல் சர்வை முக்கால் பலத்தில் போடுங்கள். இரண்டாவதில் பயந்து கையைப் பாதியில் நிறுத்தினால் பந்து வலையில்தான். கைவேகம் குறையக்கூடாது, சுழலைத்தான் கூட்ட வேண்டும். வலக்கை எதிராளிக்கு வலப்பக்கத்திலிருந்து நடுக்கோட்டை நோக்கிப் போடுங்கள்: அவருடைய பேக்ஹேண்டும் (புறங்கையால் அடிக்கும் இடப்பக்கம்) அங்கேதான், வலையும் அங்கேதான் தாழ்வு.

பயிற்சி

இருவர் குறுக்காக மட்டும் அடியுங்கள். சர்வீஸ் கோட்டைத் தாண்டி விழுந்தால்தான் கணக்கு. தவறாமல் 10 வரும்வரை புள்ளி ஆட்டம் தொடங்க வேண்டாம். மூலையில் கோட்டுக்கு 4 அடி உள்ளே வெறும் டின்னை வைத்தால் குறி பழகும்.

மூடுபனியோ தூறலோ பிடித்துவிட்டால் கணக்கு மாறும். பந்தின் மேலுள்ள கம்பளி ஈரம் குடித்துக் கனக்கும், எழும்பாது. முழங்காலை மடக்கித் தாழ்வாக நில்லுங்கள். கோடுகள் வழுக்கத் தொடங்கினால் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். நனைந்த பந்துகளைத் தனியாகப் பிரித்துக் காயவைத்து, பயிற்சிக்கு மட்டும் எடுங்கள்.