ஜன்னல் கண்ணாடியில் காய்ந்த பெயின்ட்: கீறல் விழாமல் எடுப்பது எப்படி?

கும்பகோணத்தில் கார்த்திகை மழை விட்ட பிறகுதான் வீட்டுக்கு வர்ணம் பூசும் பேச்சே எழும். பொங்கலுக்குள் முடிய வேண்டும் என்று ஊரே ஒரே நேரத்தில் பெயின்டரைத் தேடும். எங்கள் வீட்டுக்கு வந்தவர், "கண்ணாடியில் பட்டதை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம்" என்றார், போனவர் போனவர்தான். 12 கண்ணாடிகளையும் நானே சுத்தம் செய்தேன். முதல் கண்ணாடியை, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் உலர்வாகத் தேய்த்துப் பாழாக்கினேன். அதன் பிறகுதான் மற்ற 11 கண்ணாடிகளும் உருப்பட்டன.

முதலில், ஒட்டியிருப்பது என்னவென்று பாருங்கள். வெள்ளைப் புள்ளியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு. அதே சாற்றிலோ வினிகரிலோ நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டிவைத்தால் கரைந்துவிடும். சிமெண்டுத் தரையில் மட்டும் சொட்டவிடாதீர்கள், பூத்துப்போகும். நுரைக்காவிட்டால், வெந்நீரில் சோப்பு கலந்து ஊறவையுங்கள். நகத்தால் கீறும்போது மெத்தென்று இருந்தால் சுவருக்கு அடிக்கும் டிஸ்டம்பர் அல்லது எமல்ஷன். அசையாமல் கல்லாக இருந்தால், கதவுக்கும் கம்பிக்கும் அடித்த எனாமல்.

சுண்ணாம்பைத் தவிர மற்ற இரண்டுக்கும் பிளேடுதான் வழி. புது பிளேடு வேண்டும்; துருவோ முனை மழுங்கலோ இருந்தால் அதுவே கண்ணாடியைக் கீறும். பிடியில் பொருத்திய சுரண்டி பெயின்ட் கடைகளிலேயே கிடைக்கிறது. வெறும் சவர பிளேடைக் கையில் பிடிக்க வேண்டாம்.

வெயில் ஏறாத காலை நேரத்தில் தொடங்குங்கள். சூடான கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் நிமிடத்தில் காய்ந்துவிடும். முதலில் தூசியையும் மணலையும் கழுவிவிடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவி, பிளேடைக் கண்ணாடியோடு படுத்தவாக்கில், ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் வைத்து, முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். பெரும்பாலான கீறல்கள் இழுக்கும்போது அடியில் சிக்கும் துகளால்தான் விழுகின்றன. நான்கைந்து தள்ளலுக்கு ஒருமுறை பிளேடைத் துடையுங்கள். ஈரம் இன்னொரு வகையிலும் நல்லது: பழைய வீடுகளின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈய அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வைக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்வாகச் சுரண்டினால் அந்தத் தூசி மூச்சில் போகும்.

எனாமல் பிடிவாதம் பிடித்தால், பெயின்டை இளக்கும் தின்னரில் நனைத்த பஞ்சை ஐந்து நிமிடம் அதன்மேல் வையுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அடுப்பும் சாமி விளக்கும் எரியாத நேரத்தில் செய்யுங்கள். சட்டத்தின் பெயின்டில் தின்னர் பட்டால் அதுவும் உரிந்துவிடும்.

சட்டத்தை ஒட்டிய ஓரத்தில் பேராசை கூடாது. கண்ணாடிமேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறி நிற்கும் பெயின்ட் கோடு பெயின்டரின் கைப்பிசகு அல்ல. கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடிக்கும் மக்குக்குள் (புட்டி) மழைத்தண்ணீர் இறங்காமல் காப்பது அதுதான். அந்தக் கோட்டை பிளேடு முனையால் நேராக வெட்டிவிட்டு, அதிலிருந்து கண்ணாடியின் நடுப்பக்கமாக மட்டும் சுரண்டுங்கள். வெட்டாமல் உரித்தால் சட்டத்தின் பெயின்டும் சேர்ந்து வரும்.

பூக்கண்ணாடியின் மேடுபள்ளமான பக்கத்தில் பிளேடு ஓடாது. தின்னரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் பிளேடு, தின்னர் இரண்டுமே கூடாது. மூலையில் முத்திரை உள்ள டஃபன்ட் கண்ணாடிக்கும் (சூடேற்றி வலுவாக்கியது) பிளேடு வேண்டாம்.

கடைசியாகக் கழுவுவதற்கு ஆழ்குழாய்த் தண்ணீர் உதவாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைத் திட்டு படியும். குடிக்கும் தண்ணீரில் ஒரு குவளை போதும், பிறகு செய்தித்தாளால் துடையுங்கள்.

கீறல் விழுந்த என் முதல் கண்ணாடியைக் கொல்லைப்புற ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். அங்கே வாழைமரம்தான் எட்டிப் பார்க்கிறது.